பெயர் கேட்ட இடத்தில் ஒரு வெட்டு

"நிறுத்துங்க பாய்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சிதம்பரம் கீழவீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்த கடை அது. பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண ஆல்பம், பழைய வீடியோ கேசட்டை டிவிடியாக மாற்றித் தருவது எல்லாம் அந்தப் பொந்துக்குள்தான். லால்பேட்டை இஸ்மாயில் பாய்தான் அதற்கு முதலாளி, தொழிலாளியும் அவரேதான். நானும் என் தங்கை ரீட்டாவும் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் போட்டுக் காட்டிய மாதிரி டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாம்பிராணி வாசனையும் கம்ப்யூட்டர் சூடேறிய வாசனையும் கலந்து அடித்தது.

திரையில் ரீட்டா மகளுடைய ஞானஸ்நானம். கோயில் வாசலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரீட்டா நிற்கிறாள். பக்கத்தில் அவள் கணவர் சேவியர், புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல். சாமியார் புத்தகத்தை விரித்து, "இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். சேவியர் வாயைத் திறக்கிறார்.

அவ்வளவுதான். அடுத்த நொடி சாமியார் குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டிருக்கிறார். பின்னணியில் யாரோ ஒரு அம்மா உருகி உருகி மாதா பாட்டுப் பாடுகிறார்.

"பேரு எங்க பாய்? பேரு சொல்ற எடம் எங்க?" என்று கேட்டேன்.

பாய் பதில் சொல்வதற்கு முன் ரீட்டா என் கையை அழுத்தினாள். "விடுக்கா. நல்லாதான இருக்கு."

நான் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மேலதிகாரியோடு போட்ட சண்டையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "பிலோமினா அம்மா, உங்களுக்கு இவ்வளவு கோபம் ஆகாது" என்று ஒரு வாசகி அறிவுரை சொல்லியிருந்தார். அவர் இந்த வாரத்தையும் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

கேமரா வந்த கதை

அந்த வீடியோவை எடுத்தவள் நான். இதில் எனக்குப் பெருமை உண்டு. மறைக்கப்போவதில்லை.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்த காலம். ஒரு விடுமுறைக்கு வரும்போது போர்வைக்குள் சுற்றி ஒரு வீடியோ கேமரா கொண்டுவந்தார். தானே எடுக்கப்போவதாகத்தான் அவருக்கு எண்ணம். முதலில் எடுத்த கொடியேற்றத் திருவிழாவைப் போட்டுப் பார்த்தால் ஊரார் எல்லோருடைய காலும் தெரிகிறது, ஒருவர் தலைகூடத் தெரியவில்லை. "இப்படிக் குடுங்க" என்று வாங்கினேன். அதற்குப் பிறகு அவர் கைக்கு அது திரும்பிப் போகவே இல்லை.

கூடவே வந்த புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். தெருவில் போகும் ஆட்டை எடுத்துப் பழகினேன். பிறகு கோயிலுக்குக் கொண்டுபோனேன். அங்கே சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் உபதேசியார் வழிமறித்து, "பொம்பள பீடத்துக்கிட்ட வந்து நிக்கக் கூடாதும்மா" என்றார். சரி என்று பெஞ்சு மேல் ஏறி நின்றேன். பெஞ்சு மேல் நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. உண்மையில் அங்கிருந்துதான் நன்றாகத் தெரிந்தது.

"குடும்பப் பொம்பளைக்கு இது தேவையா?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களே அடுத்த விசேஷத்தில் தலையை வாரிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்கள். எங்கள் குடும்பத்தில் நான் எடுக்காத கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, பிள்ளைகள் முதல் நன்மை அப்பம் வாங்கும் விசேஷம் இல்லை. அதனால் ஒரு வீடியோவிலும் நான் இல்லை. என் குரல் மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும். "இங்க பாரு, சிரி, வாயத் தொறந்து எதனா பேசு" என்று விரட்டிக்கொண்டே இருப்பேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசியே பிழைத்தவள். பேசாத மனுஷரைப் படம் பிடித்து என்ன புண்ணியம்?

அரிசிக்குள் கேசட்

எங்கள் கடலூரில் எந்தப் பொருளையும் கடல்காற்று சும்மா விடாது. ஜன்னல் கம்பி, தையல் மிஷின், சைக்கிள் செயின் எல்லாம் துருப்பிடித்து உதிரும். கேசட்டுக்குப் பூசணம் வரும் என்று மஸ்கட்டிலிருந்தே எச்சரித்திருந்தார் வீட்டுக்காரர். நான் கேசட்டுகளைத் துணிப்பையில் கட்டிப் பச்சரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. பெரிய புயலில் மஞ்சக்குப்பம் வீட்டின் ஓடெல்லாம் பறந்து, பீரோவுக்குள் தண்ணீர் போனபோதும் அந்த டிரம் அசையவில்லை.

அந்த அரிசியில் கொழுக்கட்டையும் செய்தேன். சாப்பிட்ட யாரும் குறை சொல்லவில்லை.

கேசட்டுகள் தப்பித்தாலும் கேமரா தப்பிக்கவில்லை. ஒரு நாள் அது கேசட்டைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது, பிறகு செத்தே போனது. அந்தச் சின்னக் கேசட்டுகளைப் போட்டுப் பார்க்க வேறு வழியும் இல்லாததால் அவை வருஷக்கணக்கில் டிரம்மிலேயே கிடந்தன.

நிம்மி கேட்டது

ரீட்டா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசித்த வாரம் அவள் கடலூருக்கு வந்தாள். சிதம்பரத்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட்டாக இருக்கிறாள். எல்லோரும் அவளை நிம்மி என்றுதான் கூப்பிடுவோம். ஞானஸ்நானப் பெயர் பெர்னதெத்.

அந்தப் பெயரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். சின்ன வயதில் ஜாஸ்தி. வளர வளர ஒரு தந்திரம் கற்றுக்கொண்டாள். வராத வார்த்தைக்குப் பதிலாக வேறொரு வார்த்தையைப் போட்டு ஓட்டிவிடுவாள். 'பால்' வராவிட்டால் 'காப்பிக்கு ஊத்தறது' என்பாள். புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் சொந்தப் பெயருக்கு மாற்று வார்த்தை ஏது? அதற்குத்தான் நிம்மி. வேலைக்கான இன்டர்வியூவில்கூட, "கூப்பிடறது நிம்மி சார், முழுப் பேரு சர்ட்டிபிகேட்ல இருக்கு" என்று சொல்லித் தப்பித்தவள்.

என் சமையலறையில் இறால் உரித்துக்கொண்டே கேட்டாள். "பெரியம்மா, அப்பா பேசறது எதுலயாச்சும் இருக்கா?"

"ஏன் கண்ணு?"

"அப்பாவ போட்டோல பாத்திருக்கேன். எல்லா போட்டோலயும் வாய மூடிக்கிட்டேதான் இருக்கார். கொ... சத்தம் எப்பிடி இருக்கும்னே தெரியல."

அவளுக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே சேவியர் போய்விட்டார். மங்கலம்பேட்டை பள்ளிக்கூடத்தில் வேலை முடிந்து பைக்கில் வரும்போது விபத்து. நினைத்துப் பார்க்க அவளுக்கு ஒரு துணுக்குக்கூட மிச்சமில்லை.

"இருக்குடி. உன் ஞானஸ்நானத்துல உங்கப்பா பேசியிருக்கார்" என்றேன்.

"அம்மா எல்லாக் கேசட்டும் பூசணம் புடிச்சிப் போச்சுன்னாங்களே?"

எனக்குச் சுருக்கென்றது. என் டிரம்மையா சொன்னாள்? உடனே அரிசிக்குள் கையை விட்டுத் துணிப்பையை வெளியே எடுத்து அவள் மடியில் போட்டேன்.

அப்படித்தான் இந்த டிஸ்க் வேலை தொடங்கியது. பழைய கேமரா ஒன்று பாயிடம் இன்னும் ஓடுவதாகக் கேள்விப்பட்டுப் போனோம். கேசட்டையெல்லாம் டிவிடியாக்கிக் கல்யாணத்தன்று தாம்பூலப் பையோடு சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொன்று கொடுப்பது என்று முடிவானது. பென்டிரைவ் போதாதா என்று நிம்மிதான் கேட்டாள். வடலூரில் இருக்கிற எங்கள் சித்தப்பாவிடம் பென்டிரைவைக் கொடுத்தால் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்வார். டிஸ்க் என்றால் மேலே போட்டோ ஒட்டலாம், ஷோகேஸில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நிறுத்தலாம். எங்கள் தலைமுறைக்குப் பிளேயரும் இன்னும் இருக்கிறது, அதைத் துடைத்து வைக்கும் பழக்கமும் இருக்கிறது.

சேவியரின் பேச்சு

இப்போது சேவியரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கும் திக்கும், அதுவும் நிம்மியைவிட நன்றாகவே.

ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஆள் இல்லை. போட்டோவில்தான் அப்படி. நேரில் பேசித் தீர்ப்பார். பள்ளிக்கூடத்து லேபில் எந்த வாத்தியார் எதை உடைத்தார் என்று சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தால், எங்களுக்குக் கை காய்ந்துவிடும், கதை முடிந்திருக்காது. ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டால் கண்ணை மூடி, வலது கால் கட்டைவிரலால் தரையைத் தட்டுவார். மாட்டிய வார்த்தையை விட்டு வேறு வார்த்தைக்குத் தாவ மாட்டார். அதேதான் வேண்டும். வரும்வரை நிற்பார். வந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல மீதிக் கதையைத் தொடர்வார்.

இதை நிம்மிக்கு யாரும் சொன்னதில்லை. போனவர்களுடைய குறையைப் பேசக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். குடிகாரனாக இருந்தாலும் செத்த பிறகு தங்கமான மனுஷன்தான். போதாததற்கு, சேவியரின் அடக்கம் முடிந்த கையோடு ரீட்டா எங்கள் எல்லோரையும் பார்த்து, "அவரு பேச்ச பத்தி இனிமே இந்த வீட்ல யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். தாலி இழந்து நிற்பவள் சொன்னதை யார் மீறுவார்கள்? பிறகு நிம்மி பேசத் தொடங்கி, அவளுக்கும் திக்கியபோது, ஜுரத்தில் பயந்ததால் வந்தது என்று ரீட்டா ஒரு காரணம் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினோம்.

பாய் செய்த வேலை

கடைக்குத் திரும்புகிறேன்.

பாய் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "அக்கா, கேசட்டு சத்தத்த யாருமே கேக்க மாட்டாங்க. ஒரே எரைச்சலா இருக்கும். நாங்க வழக்கமா அத கம்மி பண்ணிட்டு பாட்டு போட்டுடுவோம். ஞானஸ்நானத்துக்கு மாதா பாட்டு, காதுகுத்துக்கு முருகன் பாட்டு, எங்காளுங்களுக்கு தனியா வெச்சிருக்கேன். எல்லாருக்கும் புடிக்கும்."

"பாட்டு கெடக்கட்டும். சாமியார் பேரு கேட்டாரே, அதுக்கப்புறம் எங்க?"

"அதுவா? அந்த எடத்துல டேப்பு மாட்டிக்கிச்சுக்கா. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வருது. அவரு அப்பிடியே வாயத் தொறந்தபடி நிக்கிறாரு. கேமராவுல ஹெட்ட தொடைச்சி மறுபடி ஓட்டிப் பாத்தேன், அப்பவும் அப்பிடித்தான். சரி, டேப்பு டேமேஜுன்னு அந்த எடத்த மட்டும் நைஸா கட் பண்ணிட்டேன். பாத்தா தெரியாது."

ரீட்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

"டேப்பு மாட்டல பாய். அவரு பேசறதே அப்பிடித்தான்" என்றேன்.

பாயின் முகம் விழுந்துவிட்டது. வேண்டுமென்று செய்தவர் இல்லை. தொழில் சுத்தமாக இருக்க வேண்டும் என்று செய்தவர். "அல்லா... தப்பா நெனைக்காதீங்கக்கா. முழுசா எடுத்தது கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்கு. இப்பவே சேத்துடறேன்" என்று மவுஸைத் தேடினார்.

"சேக்க வேணாம் பாய். இப்பிடியே போட்டுடுங்க" என்றாள் ரீட்டா. சொன்னதும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

செருப்புக்கடை வாசலில்

எதிரே பூட்டியிருந்த செருப்புக்கடையின் நிழலில் போய் நின்றாள். நானும் பின்னாலேயே போனேன். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

"அவ கேட்டது அப்பன் கொரல. நீ எவளோ பாடற பாட்டப் போட்டுக் குடுக்கச் சொல்றியே, இன்னா நெனப்புல இருக்கே?"

"ஒனக்குத் தெரியாதுக்கா."

"தெரியறாப்ல சொல்லு."

அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். "அவரு பெட்டி மூடறதுக்கு முன்னாடி, பந்தல்ல நின்னுக்கிட்டு ரெண்டு பேரு அவரு மாதிரியே பேசிக் காட்டிச் சிரிச்சாங்க. சாவு வீட்டுலக்கா. நான் உள்ள ஒக்காந்திருக்கேன், எனக்கு நல்லா கேக்குது. அந்தச் சிரிப்பு எம் பொண்ணு காதுல விழக் கூடாதுன்னு அன்னிக்கே நெனச்சிக்கிட்டேன். இப்ப நானே ஊருக்கெல்லாம் டிஸ்க்கு போட்டுக் குடுக்கணுமா, வெச்சி சிரிங்கன்னு?"

இது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை அருளுக்கு நிம்மி திக்குவது தெரியும். அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அவன் வீட்டார் கூட்டத்துக்குத் தெரியாது. கல்யாணப் பூசையில் மணப்பெண் மைக்கில் தன் பெயரைச் சொல்லித்தான் வாக்கு கொடுக்க வேண்டும். ரீட்டா ஏற்கெனவே சாமியாரைப் பார்த்து, அவரே எல்லாவற்றையும் கேள்வியாகக் கேட்க வேண்டும், நிம்மி 'ஆம்' என்று மட்டும் சொன்னால் போதும் என்று ஏற்பாடு செய்திருந்தாள். அப்படிச் செய்யவும் இடமுண்டு. யாருக்கும் எதுவும் தெரியாமல் இந்தக் கல்யாணம் முடிந்துவிட்டால் போதும் என்பது மட்டும்தான் அவள் வேண்டுதல்.

நான் சட்டென்று இறங்கி வரும் ஆள் இல்லை. ஆனால் அப்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். "சிரிச்சவனுக்கு டிஸ்க்கு குடுக்காத ரீட்டா. யாருக்குமே குடுக்க வேணாம். பொண்ணுக்குக் காட்டு. அவ அப்பன் அவளுக்குன்னு பேசினதுடி அது."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "அவளே வந்து பாக்கட்டும். அவ வேணாம்னா வேணாம்தான்."

வெட்டாத பாகம்

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மருந்துக்கடையிலிருந்து நிம்மி நேராக வந்தாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரீட்டா அவளுக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து நின்றாள். பாய் பாட்டையெல்லாம் எடுத்துவிட்டு, வெட்டாததைப் போட்டார்.

முதலில் கேட்டது என் குரல்தான். "ரீட்டா, கொழந்த மூஞ்சில வெயிலு அடிக்குது பாரு, திருப்பு." பிறகு கோயில் மணி, எங்கேயோ ஒரு குழந்தையின் அழுகை. சாமியார் கேட்கிறார், என்ன பெயர் வைக்கிறீர்கள் என்று.

சேவியர் வாயைத் திறக்கிறார். "பெ..." என்று வருகிறது. நிற்கிறது. மறுபடி "பெ... பெ..." என்று வருகிறது. கண்ணை மூடிக்கொள்கிறார். சாமியார் காத்திருக்கிறார். ஞானத்தகப்பனாக நின்ற எங்கள் அண்ணன் உதவி செய்வதாக நினைத்து, "பெர்னதெத், சாமி" என்று முந்திக்கொண்டு சொல்கிறார். சேவியர் கண்ணைத் திறக்காமலே ஒரு கையை நீட்டி அண்ணனை நிறுத்துகிறார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது. பின்வரிசையில் யாரோ இருமுகிறார்கள். "பெ... பெர்... பெர்னதெத்" என்று சொல்லி முடிக்கிறார். கடைசியில் குரல் கோயில் முழுக்கக் கேட்கும்படி வருகிறது. தடித்த, கொஞ்சம் கரகரப்பான, நல்ல குரல்.

நிம்மி அசையவே இல்லை. ஆனால் கீழே பார்த்தேன். அவள் வலது கால் கட்டைவிரல் செருப்புக்குள் தட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்குக்கா" என்றார் பாய், மெதுவாக.

அது விருந்து முடிந்த பிறகு எடுத்தது. சேவியர் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறார். என் குரல் கேட்கிறது. "மாப்ள, மேரி, ஸ்டெல்லான்னு ஈஸியா எத்தன பேரு இருக்கு? இப்படி மாட்டிக்கிற பேரா பாத்து வெக்கணுமா?"

சேவியர் என்னைப் பார்த்து, அதாவது நேராகக் கேமராவைப் பார்த்து, சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன். "எனக்குப் பு... புடிச்ச பேருக்கா. என் வா... வாய்க்குத் தோதா எம் பு... புள்ளைக்குப் பேரு வெக்க முடியுமா?"

அந்தக் கேசட் அங்கே முடிந்தது.

நிம்மி திரும்பி ரீட்டாவைப் பார்த்தாள். அழவில்லை. கோபமாக இருந்தாள். "எனக்கு மட்டுந்தான் இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேம்மா, இத்தன வருஷமா. நான் எதனா பா... பாவம் பண்ணிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

ரீட்டா மகளின் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பாய் எழுந்து, யாரோ கூப்பிட்டதுபோலத் தெருவுக்குப் போய்விட்டார். நான் மட்டும் நடுவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து நிம்மி கோட்டுக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பாய், இத முழுசா போட்டுடுங்க. எல்லா டிஸ்க்குலயும். பாட்டு வேணாம்."

ரீட்டா மறுக்கவில்லை.

ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வீடியோ எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டிரு என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் எத்தனை பேர்! நான் மூடியிருந்தால் சேவியர் அந்தப் பதிலைச் சொல்லியிருக்க மாட்டார். இந்த ஜென்மத்தில் நான் செய்த நல்ல காரியங்களில் அதை முதலில் வைப்பேன்.

கல்யாணப் பூசை

கல்யாணம் சிதம்பரத்துக் கோயிலில்தான் நடந்தது. கல்யாணத்துக்குத் தனியாக ஒரு வீடியோக்காரர் வந்திருந்ததால், நான் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ரீட்டா. எங்களுக்குப் பின்வரிசையில் மாப்பிள்ளை வீட்டார். கோயிலில் மல்லிகையும் மெழுகுத்திரி வாசனையும் நிறைந்திருந்தது. டிஸ்க்குகள் தாம்பூலப் பைகளில் மண்டபத்தில் இருந்தன.

வாக்கு கொடுக்கும் நேரம் வந்தது. அருள் தன் பங்கைச் சொல்லி முடித்தான். சாமியார் மைக்கை நிம்மி பக்கம் திருப்பினார். ஏற்பாட்டின்படி அவர் கேள்வி கேட்க வேண்டும். அவர் கேட்கவில்லை. புத்தகத்தை அவள் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். பூசை தொடங்கும் முன்பே அவள் அவரைப் போய்ப் பார்த்து, தானே சொல்லிக்கொள்வதாகக் கேட்டுக்கொண்டது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ரீட்டா என் புடவையைப் பிடித்தாள்.

"பெ..." என்றது மைக். ஒலிபெருக்கியில் அந்த எழுத்து கோயில் முழுக்கப் போய் மோதியது. நிம்மி நிறுத்தினாள். மறுபடி "பெ..." என்றாள். முக்காட்டுக்குள் அவள் கண் மூடியிருந்தது. மின்விசிறிகள் சுற்றும் சத்தம் கேட்டது. வீடியோக்காரர் கேமராவிலிருந்து முகத்தை எடுத்து, மைக்கில் ஏதோ கோளாறு என்று ஒயரைப் பார்த்தார். அருள் அவள் கையைப் பிடித்தபடி, பஸ்ஸுக்கு நிற்பவனைப்போல நிதானமாக நின்றான். அந்தப் பையனை அந்த நிமிஷத்தில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் முன்னால் குனிந்து ரீட்டாவின் காதருகே, "இன்னாச்சு பொண்ணுக்கு? பாவம், சாமியாரையே சொல்லிடச் சொல்லலாமே" என்றார்.

ரீட்டா என் புடவையை விட்டாள். உடம்பை முழுவதும் திருப்பி அந்த அம்மாவைப் பார்த்தாள். பின்வரிசை முழுவதற்கும் கேட்கும்படி, நல்ல தெளிவாகச் சொன்னாள்.

"அவுங்க அப்பா மாதிரி அவ. கொஞ்ச நேரம் ஆவும். இருங்க."

எல்லோரும் இருந்தோம். எங்கள் பெண் பெர்னதெத் தன் பெயரைச் சொன்னாள்.